பருப்பு வேகும் வீட்டுக்கு டெட்ரா

“…செத்தது மீனு. அதுக்கு எங்க வீட்டுப் பருப்புப் பானையை எதுக்கய்யா நீரு பாக்கணும்?”

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருந்த குடும்பத்துக் கோமதியம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டது இது. எண்பதுகளின் நடுவில் ஒரு காலை நேரம். அவர் வீட்டு முன்கூடத்தில் ஒரு கையில் சோப்புக்கட்டியும் மறு கையில் வாளித் தண்ணீருமாக நின்றிருந்தேன். பக்கத்தில் அவருடைய சம்பந்தி, அதாவது மருமகளைப் பெற்றவர். சுவரோரம் ஒரு மீன் தொட்டி, உள்ளே உயிரோடு ஒரு மீன்கூட இல்லை.

கேள்வி நியாயமான கேள்விதான். மீன் செத்த வீட்டில் வந்து பானையைக் காட்டச் சொல்கிறவனை வேறு என்ன கேட்பார்கள்? எனக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் என் தொழிலையும் என் முதலாளியையும் சொல்லியாக வேண்டும்.

நான் ராஜபாளையத்தில் வண்ண மீன் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது கடையில் இருக்கிற பிள்ளைகள் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து, ‘கடினத் தண்ணி, மென்மைத் தண்ணி’ என்று சொல்லிவிடுகிறார்கள். “அந்தக் காலத்துல இது இல்லாம எப்படிண்ணே மீனு கொடுத்தீங்க?” என்று போன மாதம் கேட்டார்கள். பருப்பைக் கேட்டுக் கொடுத்தோம் என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிரிக்க முடியாத பாதியும் அதில் உண்டு.

பஞ்சாலையில் வேலை நிரந்தரமாகாமல் வெளியே வந்து நின்றபோது வேலாயுதம் அண்ணாச்சி கடையில் சேர்ந்தேன். கண்ணாடி வெட்டவும், பசை வைத்து ஒட்டவும், வலையில் மீனைச் செதில் உதிராமல் எடுக்கவும் கற்றுக்கொண்டேன். அதற்கெல்லாம் படிப்பு வேண்டாம், கை இருந்தால் போதும். அண்ணாச்சியிடம் கற்க வேண்டியிருந்தது வேறு. அவர் வாங்க வந்தவரிடம் மீனைக் காட்ட மாட்டார். முதலில் வீட்டைக் கேட்பார்.

செட்டியார்பட்டியிலிருந்து வந்த ஒருவரோடு அவர் பேசியது இப்போதும் காதில் இருக்கிறது.

“அண்ணாச்சி, அந்த நீலக்கோடு மின்னுற மீனு குடுங்க.”

“குடுக்கலாம். வீட்டுல பருப்பு எப்படி வேகும்?”

“என்னது?”

“துவரம்பருப்புங்க. மலர்ந்து வேகுமா, மொறைச்சுக்கிட்டு நிக்குமா?”

“அது எம் பொண்டாட்டியத்தான் மொறைச்சுக்கிட்டு நிக்கும்.”

“அப்ப மோலி கொண்டு போங்க. உங்க தண்ணிக்கு அதுதான் மாப்பிள்ளை மாதிரி இருக்கும். நீலக்கோட்டுக்கு மலைத் தண்ணி வேணும்.”

அதுதான் சூத்திரம். எங்கள் ஊர்க் குழாயில் வருவது மலையில் பெய்து பாறை மேல் ஓடி வரும் தண்ணீர். அய்யனார் கோவில் பக்கம் போய் அருவியில் தலையைக் கொடுத்தவர்களுக்குத் தெரியும், சோப்பு போட்டால் நுரை போகவே போகாது. அதில் சுண்ணாம்பு கிடையாது. அந்த மென்மையான தண்ணீரில் நியான் டெட்ரா என்கிற அந்த நீலக்கோட்டு மீன் தன் நீலத்தை விளக்குப் போட்டது போலக் காட்டும். ஏஞ்சல் மீன் துடுப்பை விரித்து நிற்கும். தேன் நிறக் கௌராமி கூடு கட்டக்கூட ஆரம்பித்துவிடும். செடியென்றால் கிரிப்டோ. மண்ணிறமும் பச்சையும் கலந்த அகல இலை, மெதுவாக வளரும், இடம் பிடித்துவிட்டால் அசையாது.

அதே மீனை, அதே செடியை ஆழ்குழாய்த் தண்ணீரில் விட்டால் வேறு கதை. பூமிக்குள் கிடந்து சுண்ணாம்பைத் தின்ற தண்ணீர் அது, பருப்பு அதில் மலராது. அதற்கு மோலி, கப்பி, பிளாட்டி. செடிக்கு நாடா போல நீண்டு ஆடுகிற வாலிஸ்னேரியா. தண்ணீருக்கு ஏற்ற மீனை வைக்கலாம், மீனுக்கு ஏற்றபடி தண்ணீரை மாற்ற நினைத்தால் நாய் வாலை நிமிர்த்துகிற வேலைதான் என்பார் அண்ணாச்சி.

பருப்பைக் கேட்பதோடு விட மாட்டார். ஒரு வீட்டில் தொட்டி வைப்பதற்கு முன் இரண்டு சொம்புத் தண்ணீர் வாங்குவார். ஒன்று அடுப்படியிலிருந்து. இன்னொன்று எந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றப்போகிறார்களோ அதிலிருந்து. இரண்டிலும் சோப்பைத் தேய்ப்பார். நல்ல தண்ணீரில் நுரை எழும்பும். மற்றதில் சோப்பு திரிந்த பாலாகத் திரிதிரியாக நிற்கும். பிறகு பருப்புப் பானையின் உள்பக்கத்து அடியை விரலால் தடவிப் பார்ப்பார். உப்புத் தண்ணீர் என்றால் வெள்ளைப் பொருக்கு ஒட்டியிருக்கும். “மனுசன் மரியாதைக்காகக் கூடக்குறையப் பேசுவான்லே. பானைக்கு மரியாதை கிடையாது, அது பொய் சொல்லாது” என்பார்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். நாங்கள் மீன் கொடுத்த வீட்டில் மீன் செத்தால் கடைக்குக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது, நாமே போக வேண்டும். துட்டி விசாரிக்கச் சாவு வீட்டுக்குப் போவது போல. மம்சாபுரத்தில் ஒருவர் ராமேஸ்வரம் போய் வந்த சந்தோஷத்தில் சங்கும் சிப்பியும் பவளக்கல்லுமாகத் தொட்டிக்குள் அடுக்கிவிட்டார். மென்மையான தண்ணீரில் அதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்து சுண்ணாம்பாகும். டெட்ரா எல்லாம் போய்விட்டது. அண்ணாச்சி போய்த் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். “கடைசியா எப்ப சாப்பிட்டுது?” என்றார். “நேத்துக் காலம்பற” என்று அந்த வீட்டுக்காரர் சொன்னபோது அவர் குரலே உடைந்துவிட்டது. பிறகு அண்ணாச்சி சட்டைக் கையை மடித்து, சங்கை எடுத்து, தன் வேட்டியிலேயே துடைத்து, அவர் கையில் கொடுத்தார். “இது சாமி படத்துக்கிட்ட இருக்கட்டும். இங்க கெடந்தா கரைஞ்சிரும்.” அவ்வளவுதான். சங்கினால்தான் மீன் செத்தது என்று அவர் வாயிலிருந்து வரவேயில்லை.

திரும்பி வரும்போது சைக்கிளில் சொன்னார்: “தப்பு யாருதுன்னு சொல்லாமலே சரி பண்ணணும்லே. அதுதான் வேலை.”

கேட்டேன். தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு என்ன, பூம்பூம் மாடுகூட ஆட்டும்.

சங்கரலிங்கம் என்று ஒருவர், எங்கள் ஊரில் கட்டுத்துணி நெய்கிற தறி வைத்திருந்தவர். ஆஸ்பத்திரிக் காயத்துக்குச் சுற்றுகிற துணி. அவர் மகள் செண்பகம் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து எங்கள் கடைக்கு வருகிறவள். வலை போடத் தெரியும், செடிக்கு மண் மாற்றத் தெரியும், ஏஞ்சல் மீனில் ஆணையும் பெண்ணையும் சண்டையை வைத்தே சொல்லிவிடுவாள். என்னை அண்ணே என்பாள். அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பந்தம் பேசினார்கள். பால்கோவாக் கடைக் குடும்பம், ஒரே மகன், மாமியார் கோமதியம்மாள். சீர் வரிசையோடு ஒரு தொட்டியும் போக வேண்டும் என்று சங்கரலிங்கம் ஆசைப்பட்டார்.

“போயி எடத்தைப் பாத்துட்டு வாப்பா” என்றவர், என்னைக் கடைக்கு வெளியே கூட்டிப் போய்க் குரலைத் தணித்தார். “அப்படியே தண்ணி எப்படின்னும் பாத்துரு. நான் கேட்டா நல்லாருக்காது. தண்ணியில்லாத ஊருக்குப் பொண்ணு குடுக்காதன்னு சும்மாவா சொன்னாவ? எம் பொண்ணு குடம் தூக்கி வளந்தவ இல்ல.”

போனேன். கோமதியம்மாள் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வாழையிலையில் பால்கோவா வந்தது, அடுப்பிலிருந்து இறக்கியது, ஓரத்தில் நெய் பிரிந்திருந்தது. நான் அண்ணாச்சி மாதிரியே, “அம்மா, வீட்டுல பருப்பு எப்படி வேகும்?” என்றேன்.

“மலர மலர வேகும். மத்து வைக்க வேண்டியதில்ல. ஏன், சாப்பிட்டுட்டே போமே.”

இரண்டு சொம்புத் தண்ணீர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிற வீட்டில், இலையில் இனிப்பை வைத்துக்கொண்டு, ‘குளிக்கிற தண்ணியைக் கொண்டாங்க, சோப்பு போட்டுப் பாக்கணும்’ என்று சொல்ல வாய் வரவில்லை. வாயில் பால்கோவா வேறு இருந்தது. ஊருக்கு வந்து சங்கரலிங்கத்திடம், “நம்ம மலைத் தண்ணி மாதிரிதான் இருக்கு அவிய வீட்டுத் தண்ணி” என்று கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

தொட்டியை நானே கொண்டுபோய் வைத்தேன். முதல் தடவைக்கு மட்டும் பால் கேன்களில் ராஜபாளையத்துத் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினேன். மீனுக்குப் பழகிய தண்ணீர் இருக்கட்டும் என்றுதான். டெட்ரா கூட்டமாக விட்டேன். ஒரு ஜோடி ஏஞ்சல். பின்பக்கம் கிரிப்டோ. கோமதியம்மாள் நின்று பார்த்துவிட்டு, “ராத்திரியில நட்சத்திரம் எறங்குன மாதிரி இருக்கு” என்றார். வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு வீட்டுத் தண்ணீரை ஊற்றிவிடு என்று செண்பகத்திடம் சொல்லிவிட்டு வந்தேன். அவள் ஏதோ கேட்க வந்தது போலிருந்தது. மாமியார் பக்கத்தில் நின்றார். “சரிண்ணே” என்றாள்.

முதலில் செடிதான் சொன்னது. கிரிப்டோவின் இலை கண்ணாடி போல் ஆகிக் கூழாகக் கரைந்தது. பிறகு டெட்ராவின் நீலம் வெளுத்தது. பிறகு ஒவ்வொன்றாக மிதந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் அந்தத் தெருவில் பேச்சு வந்துவிட்டது. மருமகள் காலெடுத்து வைத்தாள், கூட வந்த உயிர் ஒன்றும் தங்கவில்லை என்று. அந்தப் பேச்சு பஸ் ஏறி ராஜபாளையம் வந்து சங்கரலிங்கத்தின் தறிக்கொட்டகையில் இறங்கியது. அண்ணாச்சி அப்போது மீன் எடுக்க மெட்ராஸ் போயிருந்தார். “நீ வாப்பா. மீனு செத்தது எம் பொண்ணு ராசியால இல்லைன்னு அவிய முன்னால நீ சொல்லணும்” என்று சங்கரலிங்கம் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்றைக்கு அங்கே என்ன ஆபத்தில் இருந்தது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பெண்ணின் பெயர். அதைக் காப்பாற்றத்தான் போனேன். அதனால்தான் அவ்வளவு தைரியம்.

தொட்டியின் கண்ணாடியில் தண்ணீர் மட்டம் இருந்த இடத்தில் வெள்ளைக் கோடு படிந்திருந்தது. பார்த்த உடனேயே புரிந்துவிட்டது. கொல்லைத் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் செய்து சோப்பைத் தேய்த்தேன். திரிந்துபோய் நின்றது. அப்போதும் வாயை மூடியிருக்கலாம். ‘தண்ணி மாறுனதுதான், பொண்ணு ராசி ஒண்ணுமில்ல, நாளைக்கு மோலி கொண்டாரேன்’ என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்தது. எனக்கு அது போதவில்லை. இந்தத் தண்ணீரில் பருப்பு எப்படி மலரும்? கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று ஒரு அரிப்பு. “அம்மா, பருப்பு வேகுற பானையைச் செத்தக் காட்டுங்க” என்றேன்.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, “பானை பொய் சொல்லாதும்மா” என்றேன். அண்ணாச்சியின் வாசகம். அவர் எந்த வீட்டுக்காரர் முன்னாலும் சொல்லாத வாசகம்.

செண்பகம் உள்ளே போய்ப் பானையைக் கொண்டுவந்தாள். சோப்பை மீன் தொட்டி மேல் வைத்துவிட்டுப் பானைக்குள் விரலை விட்டுத் தடவினேன். பொருக்கு இல்லை, வழவழவென்று இருந்தது.

“ஒரே வீட்டுல ரெண்டு தண்ணி” என்றேன், ஏதோ புதையலை எடுத்தவன் போல. “நல்ல தண்ணி எங்கேருந்தும்மா வருது?”

“செத்தத் தள்ளித்தாண்ணே.”

“எம்புட்டுத் தள்ளி?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை, பதிலுக்காக நின்றேன்.

“ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். தோட்டத்துக் கெணறு.”

“அம்மாடி, அம்புட்டுத் தூரமா? யாரு எடுத்தாரா?”

அவள் பானையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். அப்படி மாற்றியபோது முகம் சுளித்ததை அவள் அப்பா பார்த்தார். நானும் பார்த்தேன்.

“அண்ணே, உங்கள யாரு இதைக் கேக்கச் சொன்னா?” என்றாள் செண்பகம், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன். மீன் செத்ததற்குத் தொட்டியைத் தெருவில் வைத்து உடைத்தவரைக்கூடப் பார்த்திருக்கிறேன். அவளுடைய அந்த ஒரு வார்த்தைக்கு நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் அந்தத் தண்ணீரை அப்பாவுக்குத் தெரியாமல் சுமந்துகொண்டிருந்தாள். ‘அப்பா வருத்தப்படும்’ என்று மறைத்திருக்கிறாள். நான் தண்ணீரைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு, சோப்புக்கட்டியோடு போய், அவள் மூடி வைத்ததைச் சம்பந்தி வீட்டுக் கூடத்தின் நடுவில் திறந்து வைத்துவிட்டேன். திறந்ததோடு பெருமையும் பட்டேன்.

மெட்ராஸிலிருந்து வந்த அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் மீன் பைகளைத் தொட்டியில் மிதக்க விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “ஏலே, பானையைத்தான பாக்கச் சொன்னேன். வீட்டையா பாக்கச் சொன்னேன்?” என்றார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் என்னைத் தொட்டி வைக்க வெளியே அனுப்பவில்லை. கண்ணாடி துடைத்துக்கொண்டு கடையிலேயே இருந்தேன். அது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. யார் வீட்டுக்குள்ளும் போக வேண்டாம்.

தொண்ணூறுகளில் டிஸ்கஸ் மீன் எங்கள் பக்கம் வந்தது. தட்டு மாதிரி வட்டமாக, மென்மையான தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு வாரம் தாங்காத ராஜ மீன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தே கேட்டு வந்தார்கள். அப்போது பருப்புக் கேள்வியை விட்டுவிட்டேன். “மாடியில மழைத் தண்ணி பிடிக்க எடம் இருக்கா?” என்று மட்டும் கேட்பேன். பிடித்த மழைத் தண்ணீரில் காய்ந்த வாதுமை இலையைப் போட்டு ஊற வைப்பேன், தேயிலைச் சாறு போல நிறம் இறங்கும், மீனுக்கு அது பிடிக்கும். அடுப்படிப் பக்கம் திரும்புவதில்லை. குடம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கடைப் பிள்ளைகள் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிறபோது எனக்கு ஒரு நிம்மதி வருகிறதென்றால் அதுதான் காரணம். அந்தச் சொட்டு தண்ணீரை மட்டும் சொல்லும். யார் சுமந்தார்கள் என்று சொல்லாது.

மறுபடி அந்தக் கூடத்துக்கு வருகிறேன். சங்கரலிங்கம் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

“மலர மலர வேகும்னு சொன்னீயளே சம்பந்தியம்மா” என்றார். சத்தமில்லாத குரல். “வேகுதுதான். பொய்யில்ல.” மகள் பக்கம் திரும்பினார். “துணிமணியை எடும்மா. கெளம்பு.”

செண்பகம் நகரவில்லை. “அப்பா, நான் யார்ட்டயாவது வந்து சொன்னனா?” என்றாள்.

“நீ சொல்ல வேண்டாம். கெளம்பு.”

கோமதியம்மாள் அதுவரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். “தாயைப் பழிச்சாலும் தண்ணியப் பழிக்கக் கூடாதும்பாக” என்று ஆரம்பித்தார். “எங்க ஊருல வாய்ச்சது இதுதான். நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கே எம் இடுப்புல ஏறுன கொடம் அது. போன வருசம் இடுப்பு போச்சு. பொறவு இவ வந்தா, எடுத்தா. எடுன்னு நான் சொல்லல.” நிறுத்தினார். என்னைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். “எடுக்காதன்னும் சொல்லல.”

நான் வாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

கோமதியம்மாள் அடுப்படிக்குள் போனார். வெளியே வரும்போது கையில் வெறுங்குடம் இருந்தது. “அத்தே, குடுங்க” என்று செண்பகம் கையை நீட்டினாள். கொடுக்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார், குடத்தை அதன் மேல் ஏற்றினார், நிலையைப் பிடித்து ஒரு படியும் பிடிக்காமல் ஒரு படியுமாக இறங்கி, எதிர்வீட்டு வாசலில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, ரயில்வே கேட்டுப் பக்கம் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார்.